ஒன்பதாவது கொடி

ஜனவரி 19, ஞாயிறு

மதினி பெயருக்கு இன்று ஒரு பார்சல் வந்தது. கா. ஜெயபாரதி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இந்த வீட்டுக்கு வருவதெல்லாம் கரண்ட் பில்லும் கல்யாணப் பத்திரிகையும்தான். அதுவும் மதினி பெயருக்கு எதுவும் வந்து நான் பார்த்ததில்லை.

மதினி நோட்டுக் கம்பெனிக்கு ஓவர்டைம் போயிருந்தார். நான் அதைத் தொடாமல் சோறு வடித்தேன், துணி காயப்போட்டேன், பூனையை விரட்டினேன். அப்புறம் ஓரத்து டேப்பை மட்டும் லேசாகக் கீறினேன். என் கை அப்படி, சும்மா இருக்காது. உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதன் நடுவே நடுங்கும் ஒரு முள். திசைகாட்டி!

சாயங்காலம் கேட்டேன். "எங்க போறதுக்கு மதினி இது?"

"எங்கயும் இல்ல. வடக்கு எங்கன இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான்."

சிவகாசியில் பிறந்து வளர்ந்த எனக்கே அது தெரியாது. இவருக்கு எதற்கு?

வேறு யாராவது இந்த டைரியைப் படித்தால் விளங்குவதற்காக எழுதி வைக்கிறேன். இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் செல்வரூபி, ஆப்செட் பிரஸ்ஸில் பிளேட் போடுகிறவள், முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, அதற்காக யாரும் அழ வேண்டாம். மதினி என் அண்ணன் காளிராஜனின் மனைவி. அண்ணனும் அச்சு மெஷின் ஓட்டியவர்தான், காய்ச்சலில் போய் மூன்று வருஷம். பிள்ளைகள் இல்லை. நாத்தனாரும் மதினியும் இப்படி ஒத்துமையா என்று தெருவே வாயைப் பிளக்கிறது. நாங்கள் காலையிலிருந்து இரவு வரை சண்டை போடுவது தெருவுக்குக் கேட்பதில்லை போல.

ஜனவரி 21, செவ்வாய்

கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டேன். மதினி கோவில்பட்டியில் படிக்கும்போது என்.சி.சி.யில் இருந்திருக்கிறார். வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிப்பதில் கேம்ப்பிலேயே முதல் ஆள். மெடல் கூட உண்டாம். பதினாலு வருஷமாக ஒரே அடுப்படியில் நிற்கிறோம், இது எனக்குத் தெரியாது.

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

நான் கேட்காத விஷயம் ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறதா? அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த மாதம் சிறுமலையில் ஒரு போட்டி நடக்கிறதாம். கையில் ஒரு வரைபடத்தைக் கொடுத்து மலையில் விட்டுவிடுவார்கள், திசைகாட்டி நாம்தான் கொண்டுபோக வேண்டும். பன்னிரண்டு இடங்களில் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கொடி கட்டியிருக்கும். ஒவ்வொரு கொடியிலும் அட்டையில் ஓட்டை போடும் கருவி தொங்கும். வரிசையாகக் கண்டுபிடித்து, அட்டையில் குத்திக்கொண்டு, இரண்டு நாளில் முடிக்க வேண்டும். செல்போனை கவரில் போட்டு சீல் வைத்துவிடுவார்கள். ஜோடியாகத்தான் போக முடியும். ஒருவர் மட்டும் முன்னால் ஓடிப் போய் முடித்தால் செல்லாது.

"உன்னை விட்டா எனக்கு யாரு ஜோடி?" என்றார் மதினி.

நான் பஸ் ஸ்டாண்டிலேயே மதுரை பஸ் எது என்று நாலு பேரிடம் கேட்கிறவள். சரி என்று சொல்லிவிட்டேன். வேடிக்கை பார்க்கும் ஆசைதான்.

ஜனவரி 24, வெள்ளி

விடியற்காலை கண்மாய்க்குள் பயிற்சி. தண்ணீர் இல்லை, கருவேல முள்தான். மதினி சேலையைத் தூக்கிச் செருகி, மேலே அண்ணனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். வாய்க்குள் 'ஏக் தோ ஏக், ஏக் தோ ஏக்' என்று முணுமுணுத்துக்கொண்டே நடக்கிறார், என்.சி.சி. நடைக் கணக்காம். நடுவில் பேசினால் கோபம் வருகிறது. "எண்ணிட்டு வாரேன்ல, வாயை மூடு!"

ஆடு மேய்க்கிறவர் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னம்மா, எதையும் தொலைச்சுட்டீகளா?" என்று கேட்டார். மதினி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அண்ணன் இருந்தபோது கூட நான் அப்படிக் கேட்டதில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

டி.வி.யில் அணிவகுப்பு. மதினி கையில் கரண்டியோடு நின்றே பார்த்தார். சாம்பார் அடிப்பிடித்தது.

ஜனவரி 29, புதன்

இரவு சாப்பிடும்போது மதினி ஒன்று சொன்னார். போட்டி நடத்துகிற ஆட்களுக்கு மலையிலேயே தங்கி வேலை பார்க்க ஓர் ஆள் தேவையாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் கம்பெனி ஆட்களுக்கும் இந்த மாதிரிப் போட்டி வைக்கப் பாதை போட வேண்டும், எங்கே கொடி கட்டுவது என்று பார்க்க வேண்டும். மதினி போன் போட்டுப் பேசியிருக்கிறார். நெல்சன் என்பவர், "அனுபவம் இல்லேங்கிறீங்க. முதல்ல எங்க போட்டிய முழுசா முடிச்சுக் காட்டுங்க. ஒரு கொடி கூட விடக் கூடாது. அப்புறம் பேசலாம்" என்றாராம்.

"கிடைச்சா அங்கயே இருக்கணுமா?"

"ஆமா. ரெண்டு ரூம் வீடு தாராங்களாம்."

நல்லதுதானே என்றேன். நல்லதுதான். எனக்கென்ன? ஓர் ஆள் குறைந்தால் அரைக்கும் மிளகாய்ப் பொடி இரண்டு மாதம் கூட வரும். பாத்ரூமுக்குக் காத்திருக்க வேண்டாம். டி.வி. ரிமோட் என் கையில். இதை எல்லாம் யோசித்துக்கொண்டு படுத்ததில் தூக்கம் வரவில்லை, ராத்திரி ரொம்பப் புழுக்கம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஷூ வாங்கினோம். கடைக்காரப் பையன் "அம்மாவுக்கு வாக்கிங் ஷூவா?" என்றான். மதினி, "ஓடுற ஷூ எடு" என்றார்.

வாசல் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது. பிளம்பர் வரவில்லை. இனிமேல் இதையெல்லாம் நான்தான் பார்க்க வேண்டியிருக்குமோ என்னவோ. வேலை கிடைக்கும் என்று யார் கண்டது? போட்டிக்கு வருகிறவர்கள் எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். இவருக்கு நாற்பது. நான் சும்மா கணக்குப் பார்த்தேன், வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி. சிறுமலை

திண்டுக்கல்லில் இருந்து பஸ் வளைந்து வளைந்து ஏறியதில் எனக்கு வாந்தி. மதினி ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் படித்துக்கொண்டே வந்தார். படித்துக்கொண்டு என்றுதான் எழுத வேண்டும். "அங்கன பாரு, ரெண்டு முகட்டுக்கு நடுவுல பள்ளம். தண்ணி அந்தப் பக்கந்தான் எறங்கும்." நான் பாலிதீன் பைக்குள் தலையை விட்டுக்கொண்டு "ஆமா மதினி" என்றேன்.

ஓர் எஸ்டேட் மைதானத்தில் கூடாரங்கள். நெல்சன் ஐம்பதை ஒட்டிய ஆள், தொப்பி, அதிகம் பேச்சில்லை. எங்களை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதான் சிவகாசியா?" என்றார். எங்களுக்குப் பக்கத்துக் கூடாரம் கோயம்புத்தூர்ப் பையன்கள் இரண்டு பேர். அவர்கள் முதுகில் தண்ணீர்ப் பை, அதிலிருந்து வாய்க்கு ஒரு குழாய். நாங்கள் புளியோதரையும் கடலை மிட்டாயும் கொண்டுவந்திருக்கிறோம்.

பிப்ரவரி 8, சனி

முதல் நாள் ஏழு கொடி. ஏழும் கிடைத்தது!

விசில் ஊதியதும் எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடப் போனேன். மதினி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். வரைபடத்தைத் தரையில் விரித்தார், முள்ளைப் பார்த்தார், வரைபடத்தைத் திருப்பினார். மைதானமே காலி. நாங்கள் இரண்டு பேர் மட்டும் சீட்டு விளையாடுகிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறோம். எனக்கு மானம் போயிற்று. அப்புறம் எழுந்து நேரே ஒரு காப்பித் தோட்டத்துக்குள் புகுந்தார். வேலி, வாழை, ஒரு மொட்டைப் பாறை. பாறைக்குப் பின்னால் கொடி! கோயம்புத்தூர்ப் பையன்கள் நாங்கள் குத்திவிட்டுத் திரும்பும்போதுதான் மூச்சு வாங்க வந்தார்கள்.

எனக்குப் புரியவே இல்லை. வெறும் தாளில் பழுப்புக் கோடுகள். அதைப் பார்த்து, "இங்கன ஏறினா மூச்சு முட்டும், சுத்திப் போவோம்" என்கிறார். சுற்றிப் போனால் அவர் சொன்ன மாதிரியே இருக்கிறது. இருபது வருஷமாகத் தாளும் மையுமாகக் கிடக்கிறேன், தாளுக்குள் மலை இருப்பதை நான் பார்த்ததில்லை.

ஐந்தாவது கொடிக்குப் போகும் வழியில் ஒரு காட்டுமாடு பாதையில் நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. மதினி பேசாமல் என் கையைப் பிடித்து ஒரு மரத்துக்குப் பின்னால் உட்கார வைத்தார். அது எங்களைப் பார்த்தது, நாங்கள் அதைப் பார்த்தோம். போரடித்துப் போய் அதுவே இறங்கிப் போயிற்று. "பயமா இல்லையா?" என்றேன். "மூணு வருசமா தெருவுல எல்லாரும் என்னைய அப்பிடித்தான் பாக்காக. பழகிப்போச்சு" என்றார்.

யாரும் எங்களை அப்படிப் பார்ப்பதாக எனக்குத் தெரியாது. எங்களை என்று ஏன் எழுதினேன், அவர் தன்னை மட்டும்தான் சொன்னார்.

சாயங்காலம் நெல்சன் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளைப் பார்த்தார். "நல்லா போறீங்க. நாளைக்கும் இப்படியே வந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். மதினி முகம் பத்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஆயிற்று. எனக்குத் தலை வலிக்கிறது. மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

முடித்தோம். ஒன்பதாவது இடத்தில் கொஞ்சம் தாமதம், வரைபடத்தில் ஒரு சிக்கல். கால் முழுக்க முள். தூக்கம் வருகிறது.

பிப்ரவரி 11, செவ்வாய். சிவகாசி

பிரஸ்ஸில் வேலை குறைவு. மதினி கம்பெனிக்குப் போயிருக்கிறார். முந்தாநாள் நடந்ததை எழுதாமல் விட்டால் சோறு இறங்காது போலிருக்கிறது.

எட்டாவது கொடி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஒன்பதாவது ஓர் ஓடைப் பக்கம். வரைபடத்தில் கொடி இருக்கும் இடங்களை ஊதா வட்டமாகப் போட்டிருந்தார்கள். அந்த வட்டம் ஓடைக்குக் கிழக்கே. மதினி அந்தப் பக்கம் காலை எடுத்து வைத்துவிட்டார். நான், "இருங்க மதினி" என்றேன்.

எங்கள் தொழிலில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி பிளேட். ஒன்றின் மேல் ஒன்றாக அச்சாகும். ஒரு பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் அந்த நிறம் மட்டும் தள்ளிப் போய் விழும். காலண்டரில் சாமிக்கு உதடு கன்னத்தில் விழுவது அப்படித்தான். அதைப் பிடிப்பதற்கென்றே என் பர்ஸில் எப்போதும் ஒரு லென்ஸ் இருக்கும். எடுத்துப் பார்த்தேன். "ஊதா பிளேட்டு நழுவியிருக்கு. வட்டம் ரெண்டு மில்லி கிழக்கே விழுந்துருச்சு. கொடி ஓடைக்கு மேற்கதான் இருக்கும்" என்றேன்.

மதினி என்னையே பார்த்தார். "அப்ப முந்தின எட்டும் எப்பிடிச் சரியா இருந்துச்சு?"

"அது உங்க கண்ணு. பக்கத்துல போனதும் பாத்துட்டீங்க. இங்க புதரு, கண்ணுக்குத் தெரியாது."

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"என் தொழில் மதினி இது."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. ஓடையைத் தாண்டி மேற்கே வந்தார். உண்ணிச்செடிப் புதர் ஆள் உயரம். அதற்குள் குனிந்து, தவழ்ந்து, கிழித்துக்கொண்டு தேடினோம். கொடியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கோயம்புத்தூர்ப் பையன்களின் சத்தம் அக்கரையில் கேட்டது, அப்புறம் தூரமாகிப் போயிற்று. வெயில் உச்சிக்கு ஏறியது. இன்னும் மேலே போய்ப் பார்ப்போம் என்றேன். மதினி வந்தார். இன்னும் கொஞ்சம் என்றேன். அதற்கும் வந்தார்.

கடைசியில் அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து கடலை மிட்டாயை உடைத்து எனக்குப் பாதி நீட்டினார்.

"ரூபி, இந்த மேப்பு கம்ப்யூட்டர்ல இருந்து நேரா எடுத்தது. கலர் ஜெராக்ஸ் மாதிரி. இதுக்கு பிளேட்டே கிடையாது. இல்லாத பிளேட்டு எப்பிடி நழுவும்?"

மிட்டாய் என் வாயில் அப்படியே நின்றது.

"உங்கண்ணன்கூட பதினோரு வருசம் குடும்பம் நடத்துன எனக்கே தெரியுது. டெய்லி பிளேட்டு போடுற உனக்குத் தெரியாதா?"

களைப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். வெயில், கண் கூசியது, யாருக்கும் வருகிற தப்பு. இதையெல்லாம் நான் சொல்லியிருக்கலாம். இந்த டைரியிலும் அப்படித்தான் எழுதத் தொடங்கினேன், கிழித்துப் போட்டுவிட்டேன். லென்ஸை வைத்துப் பார்த்த மறு நொடியே எனக்குத் தெரியும். நழுவியிருக்கக் கூடாதா என்றுதான் பார்த்தேன். நழுவவில்லை. இருந்தும் வாய் சொல்லிவிட்டது.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் மதினி பின்னாடி வந்தீங்க?"

"நீ எம்புட்டு தூரம் போவேன்னு பாக்கத்தான்."

எனக்கு அழுகை முட்டியது. அவர் அதைப் பார்க்காத மாதிரி கால் முள்ளைப் பிடுங்கிக்கொண்டே பேசினார்.

"அது மட்டுமில்ல. நேத்து அந்த மனுசன் நல்லா போறீங்கன்னு சொன்னதுக்கப்புறம் ராத்திரி பூரா எனக்கு தூக்கமே இல்ல. நாப்பது வயசுல தனியா ஒரு வீடு, தெரியாத மலை. நீ பிளேட்டு நழுவிருச்சுன்ன பாரு, ஒரு நிமிசம் எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. தோத்துட்டா பேசாம உன்கூட வீட்டுக்கு வந்துரலாம். உன் மேல பழியப் போட்டுட்டு ஆயுசுக்கும் திட்டிக்கிட்டே இருக்கலாம்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கும்போதே எனக்குக் கண்ணில் வழிந்துவிட்டது.

"மனசுல இருக்கறத நேரா சொல்லிரு. ஒரு தடவைதான் கேப்பேன்" என்றார்.

"போகாதீங்க மதினி." அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க போயிட்டா நான் யார்கூட சண்டை போடுவேன்? அந்த வீட்டுல எனக்கு யாரு இருக்கா? எனக்கு பயமா இருக்கு."

மதினி என் தலையைத் தன் தோளில் இழுத்து வைத்துக்கொண்டார். முள்ளும் வியர்வையுமாக இருந்தது. அப்புறம் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டு எழுந்தார்.

"சரி. கேட்டுக்கிட்டேன். இப்ப எந்திரி, ஓடையத் தாண்டணும்."

"அப்ப போகத்தான் போறீங்களா?"

"போகத்தான் போறேன். ஆனா நீ இதச் சொல்லாம நான் போயிருந்தேன்னா, எனக்கு அங்கன நிம்மதி இருந்திருக்காது. வா, வெரசா வா."

நான் எழுந்தேன். அவர் சொல்லாமலே முன்னால் ஓடியது நான்தான். ஓடையில் வழுக்கி விழுந்து எழுந்து, கிழக்குக் கரையில் ஏறி, வரைபடத்தில் வட்டம் போட்ட இடத்துக்கே போனேன். பாறை இடுக்கில் கொடி ஆடிக்கொண்டிருந்தது. நானே அட்டையில் குத்தினேன். ஓங்கிக் குத்தினேன்.

மீதி மூன்றுக்கும் எப்படிப் போனோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மதினி "இடது!" என்பார், நான் இடது. "ஏறு!" என்பார், ஏறுவேன். கடைசி இறக்கத்தில் அவருக்குக் கால் பின்னியது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். மைதானத்தில் நெல்சன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோடு தாண்டி இரண்டு பேரும் புல்லில் விழுந்தோம். நேரம் கொஞ்சம்தான் மிச்சம்.

அவர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். ஒவ்வோர் ஓட்டையாகப் பார்த்தார். "முழுசா இருக்கு" என்றார். அப்புறம் புருவத்தைச் சுருக்கி, "எட்டு வரைக்கும் முன்னாடி வந்த ஆளுங்க. ஒன்பதுல ஏன் இவ்வளவு நேரம்?" என்றார்.

மதினி மூச்சு வாங்கிக்கொண்டே, "உக்காந்து பேசிட்டிருந்தோம் சார்" என்றார்.

"போட்டி நடுவுலயா?"

"வீட்டுல பேச நேரமே கிடைக்கல."

நெல்சன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மார்ச் ஒன்றாம் தேதி வேலைக்கு வந்துவிடச் சொன்னார்.

பிப்ரவரி 20, வியாழன்

பாத்திரம் பிரிப்பதில் சண்டை. இட்லிப் பானையை நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள் என்கிறேன், வேண்டாம் என்கிறார். தோசைக்கல்லை நான் விட மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். எதிர்வீட்டு அக்கா, "உங்க மதினி உன்னைய விட்டுட்டுப் போறாளாமே?" என்று துக்கம் விசாரிக்க வந்தார். "ஆமா, வேலைக்குப் போறாக. உங்க மருமகளையும் அனுப்புறீகளா?" என்றேன். காப்பி குடிக்காமலே போய்விட்டார்.

மார்ச் 1, சனி

பஸ் ஏற்றிவிட்டேன். இட்லிப் பானை அவரோடு போயிற்று.

மார்ச் 5, புதன்

பிளம்பர் வந்தார். குழாய் சரியாயிற்று. சொட்டுச் சத்தம் இல்லாமல் வீடு காது அடைத்த மாதிரி இருக்கிறது. ரிமோட் என் கையில்தான், பார்க்கத்தான் ஒன்றுமில்லை. ரொம்ப அழுதேன். அழுத பிறகு பசித்தது, முட்டை பொரித்துச் சாப்பிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

மதினி போன். சிக்னல் விட்டு விட்டு வந்தது. முதல் பாதை போட்டு முடித்துவிட்டாராம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு.

"அவுகள விடுறதுக்கு முன்னாடி ஓர் ஆளை விட்டுப் பாக்கணும். வழி தெரியாத ஆளா இருக்கணும். எங்கன தப்புதுன்னு தெரிஞ்சாத்தான் கொடிய மாத்திக் கட்ட முடியும். நெல்சன் சாரு யாராவது இருக்காங்களான்னு கேட்டாரு. எங்க நாத்தனாரு இருக்கான்னு சொல்லிட்டேன்."

"வேணும்னே தப்பணுமா?"

"அம்மா தாயே, அந்த வேலையே உனக்கு வேண்டாம்! நீ ஒழுங்கா வா, தானா தப்பும். சம்பளம் கிடையாது, சோறு உண்டு. நானே தேடி வந்து கூட்டிட்டு வருவேன்."

முதலாளியிடம் வெள்ளியும் சனியும் லீவு கேட்டேன். கல்யாணம், காதுகுத்து தவிர நான் லீவு கேட்டதில்லை. எங்கே போறீங்க என்றார்.

"மதினி வீட்டுக்கு" என்றேன்.

சொல்லிவிட்டு பிளேட் ரூமுக்கு வந்தபோதுதான் உறைத்தது. அண்ணன் வீடு என்று சொல்லியிருக்கிறேன். அண்ணன் போன பிறகு எங்க வீடு, என் வீடு என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். மதினி வீடு என்று பதினாலு வருஷத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை.

காலையில் முதல் பஸ். வாந்திக்கு எலுமிச்சம்பழம் எடுத்து வைத்துவிட்டேன்.